ஆறாம் பாதைக் கடிகாரம்

பிப்ரவரி 9

அன்புள்ள அத்தானுக்கு,

சின்னவள் எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். நீங்கள் நலமா என்று கேட்டால் "இருக்கேன்" என்பீர்கள், அதனால் கேட்கவில்லை.

போன வாரம் போனில் நீங்கள் கத்தினீர்கள், நானும் கத்தினேன், யார் முதலில் வைத்தது என்று எனக்கே தெரியாது. உங்கள் பெண் அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வந்து சொன்னாள்: "இனிமே நீங்க ரெண்டு பேரும் போன்ல பேச வேண்டாம் சித்தி. எழுதுங்க. எழுதுனா கத்த முடியாது." ஒன்பது வயசு. அக்காவின் வாய் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது.

அதனால் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் நான். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாளெல்லாம் இஸ்திரிப் பெட்டி பிடித்தாலும் கை வலிப்பதில்லை, இந்தப் பேனா அரை மணியில் வலிக்கிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நீ அவளுக்கு அம்மா இல்லை" என்றீர்கள். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் அவளைக் கூட்டிப்போய் உங்கள் வேலை இடத்துக்குப் பக்கத்து ஹாஸ்டலில் சேர்ப்பேன் என்றீர்கள். அந்த இரண்டையும் அப்புறம் பார்ப்போம். நீச்சலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்களைக் கேட்காமல் சேர்த்தது தப்புதான். நடந்தது இது. இவர் பேக்கரியிலிருந்து அந்த நீச்சல் கிளப்புக்கு ரொட்டி கொண்டுபோய்ப் போடுகிறவர். ஒரு லீவு நாளில் உங்கள் பெண்ணையும், அதுதான் எங்கள் வாலுவையும், வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அவள் கண்ணாடிச் சுவரில் மூக்கை அழுத்திக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றாளாம். அன்றைக்குச் சாயங்காலம் கட்டிலில் குப்புறப் படுத்துக் காலை உதைத்தாள். கட்டில் கால் உடைந்தது. உடைந்ததும் சிரித்தாள் அத்தான். அக்கா போன பிறகு அந்தச் சத்தத்தை இந்த வீட்டில் நாங்கள் கேட்கவே இல்லை. மறுநாளே போய்ச் சேர்த்துவிட்டேன்.

நேற்று புதுக் குடும்பங்களுக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். பதினோரு குடும்பம், பிளாஸ்டிக் நாற்காலி, ஈரத் தரை. போட்டி என்றால் என்ன என்று நீச்சல் டீச்சர் எங்களுக்குப் பாடம் எடுத்தார். குளத்தைக் கயிறு கட்டி ஆறு பாதையாகப் பிரித்திருக்கிறார்கள். போட்டி அன்று பிள்ளையின் கையில் பேனாவால் மூன்று எண் எழுத வேண்டும்: எத்தனையாவது போட்டி, எத்தனையாவது சுற்று, எந்தப் பாதை. எழுதாவிட்டால் பிள்ளை தொலைந்துபோகும், இல்லையென்றால் வேறொருத்தர் போட்டியில் குதித்துவிடும். விசிலுக்கு முன்னால் யாரும் மூச்சு விடக் கூடாது. சும்மா உட்கார்ந்து கை தட்டுகிற பெற்றோருக்கு அங்கே இடமில்லை. ஒருத்தர் பாதைக்கு ஒரு ஸ்டாப்வாட்ச் பிடிக்க வேண்டும், ஒருத்தர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்த வேண்டும், ஒருத்தர் துண்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். எல்லாம் முடிய நாலு மணி நேரம், நம் பிள்ளை தண்ணீரில் இருப்பது அரை நிமிஷம். இவர் என் காதில் சொல்கிறார், "நாலு மணி நேரம் காத்திருந்து அரை நிமிஷம் பாக்கணுமா? எங்க முதலாளி சிரிக்கிறதைப் பாக்குற மாதிரில்ல இருக்கு."

பதில் போடுங்கள். போடாவிட்டாலும் நான் எழுதுவேன்.

சின்னவள்


பிப்ரவரி 21

சின்னவளுக்கு,

கடிதம் கிடைத்தது. இருக்கேன்.

நான் கத்தியது சரியில்லை. சொன்னதை மாற்றிக்கொள்ளவும் இல்லை. நான் இங்கே பாலம் கட்டும் இடத்தில் கிரேனில் உட்கார்ந்திருக்கிறேன், கீழே மனுஷன் எறும்பு மாதிரி. வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து மிட்டாய் கொடுத்துவிட்டுப் போகிறவனுக்குப் பெயர் அப்பா இல்லை, விருந்தாளி. ஹாஸ்டல் இங்கிருந்து பத்து நிமிஷ நடை. சாயங்காலம் போய்ப் பார்க்கலாம். என் பக்கத்து நியாயம் இவ்வளவுதான்.

நீச்சல் பற்றி. ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்பது எனக்குப் பழமொழி இல்லை, தொழில். ஆகவே சில கேள்விகள். ஆழம் எத்தனை அடி? கரையில் காவலுக்கு எத்தனை பேர்? கயிற்றில் கால் மாட்டாதா? அந்த மை தோலுக்கு ஆகுமா? பதில் அடிக் கணக்கில் வேண்டும். "ரொம்ப ஆழமில்லை அத்தான்" என்று எழுதாதே.

கட்டில் காலைச் சகலை சரி பண்ணிவிட்டாரா?

அத்தான்


மார்ச் 2

அன்புள்ள அத்தானுக்கு,

டீச்சரிடம் கேட்டால் மீட்டரில் சொல்கிறார். அதனால் சலவைக்கூடத்திலிருந்து தரை துடைக்கிற கம்பை எடுத்துப் போய் நானே விட்டுப் பார்த்தேன். இந்தக் கோடியில் மூன்றரை அடி, அந்தக் கோடியில் ஐந்தரை. "என்னம்மா, மீன் பிடிக்கிறீங்களா?" என்று காவல்காரர் கேட்டார். காவலுக்கு இரண்டு பேர், இரண்டு பேருமே தூங்குகிற ஜாதி இல்லை. கம்பை நம்பாமல் இரவல் உடுப்பு வாங்கி நானும் இறங்கி நின்றேன். எனக்கு நெஞ்சு வரை வருகிறது. வாலு என்னைச் சுற்றிச் சுற்றி நீந்தி, "சித்தி தூண் மாதிரி நிக்காதீங்க" என்றாள்.

கயிற்றில் உருண்டை உருண்டையாக மிதவை கோத்திருக்கிறார்கள், கால் மாட்டாது. மை மூன்று குளியலில் போய்விடும். கறை போகுமா என்று என்னிடமா கேட்பீர்கள்?

அவளுக்குத் தவளை நீச்சல்தான் பிடித்திருக்கிறது. அதில் ஒரு சட்டம், முடிக்கும்போது இரண்டு கையும் ஒன்றாகச் சுவரைத் தொட வேண்டும். ஒரு கை தொட்டால் முதலில் வந்தாலும் செல்லாது. அதனால் இப்போது வீட்டில் எந்தக் கதவையும் இரண்டு கையால்தான் திறக்கிறாள். குளிர்பெட்டி, அலமாரி, குளியலறை, எல்லாம் டப் டப் என்று இரண்டு கை. நேற்று இவர் தூங்கும்போது அவர் முதுகிலும் தொட்டு முடித்தாள்.

இன்னொன்று. எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அக்காவின் நீலத் துண்டு ஒன்று என் அலமாரியில் மேல் தட்டில் இருந்தது. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவள் கழுத்தில் போட்டிருந்தது. ஒரு நாளைக்கு முந்நூறு படுக்கை விரிப்பு துவைக்கிற நான் அந்த ஒன்றை மட்டும் துவைக்கவில்லை. மடித்து வைத்து, யாரும் இல்லாதபோது எடுத்து முகர்ந்து பார்ப்பேன். போன செவ்வாய்க்கிழமை வாலு தன் துண்டைக் காணோம் என்று அதை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போய்விட்டாள். அவளுக்குத் தெரியாது பாவம். திரும்பி வரும்போது தலையில் முண்டாசு மாதிரிக் கட்டியிருந்தாள். சொட்டச் சொட்ட. வாங்கி முகர்ந்தேன், வெறும் குளோரின்.

அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் தோளில் மூக்கை வைத்து, "சித்தி, நீங்களும் இதே வாசனைதான், எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றாள். சலவைக்கூடத்துப் பிளீச்சிங் பவுடர் வாசனை அத்தான், அதுவும் குளோரின்தானே. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து விக்கல் எடுத்துவிட்டது.

துண்டைத் துவைக்கவில்லை. உலர்த்தி மட்டும் மடித்து வைத்திருக்கிறேன்.

கட்டில் கால் சரியாகிவிட்டது. மறுபடியும் உடைந்துவிட்டது.

சின்னவள்


மார்ச் 14

சின்னவளுக்கு,

கம்பு விட்டு அளந்தது நல்ல வேலை. இங்கே பொறியாளர்கள் கருவி வைத்துக்கொண்டே தப்பாக அளக்கிறார்கள்.

உன் கடிதத்தைக் கிரேன் மேலேயே வைத்துப் படித்தேன். கீழே மேஸ்திரி கையை ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறார், நான் கவனிக்கவில்லை. ஒரு இரும்புத் தூண் ஐந்து நிமிஷம் அந்தரத்தில் தொங்கியது. இறங்கியதும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

என்னிடம் அவளுடைய சீப்பு இருக்கிறது. அதில் நாலு முடி. யாரிடமும் சொன்னதில்லை.

முதல் போட்டி எப்போது? பாப்பா எத்தனை விநாடியில் வந்தாள் என்று சரியாக எழுது. "வேகமாக வந்தாள்" என்று எழுதாதே.

அத்தான்


மார்ச் 25

அன்புள்ள அத்தானுக்கு,

உட்கார்ந்து படியுங்கள். கிரேனில் மட்டும் வேண்டாம்.

பயிற்சிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. முழுக்கப் புதுக் குடும்பங்கள். இவர் இருபது பேருக்கு ரொட்டி, முட்டை, வாழைப்பழம் எல்லாம் கட்டிக்கொண்டு வந்தார். தண்ணீரில் இறங்குமுன் வயிறு நிறையச் சாப்பிடக் கூடாது என்று டீச்சர் சொன்னதும் முகம் ஒரு ஜாண் தொங்கிப்போனது. அப்புறம் பெற்றோர்களே எல்லாவற்றையும் தின்று தீர்த்தார்கள்.

வாலுவின் கையில் எண் எழுதினேன், 6, 1, 4. ஆறாவது போட்டி, முதல் சுற்று, நாலாம் பாதை. பாதைக்கு ஒரு கடிகாரம், அன்றைக்கு ஆள் பற்றாக்குறை வேறு. நாலாம் பாதைக் கடிகாரம் என் கையில். சொந்தப் பிள்ளை பாதையிலேயே நிற்கலாமா என்று கேட்டேன், பயிற்சிதானே, பரவாயில்லை என்றார்கள்.

ஆறு பிள்ளைகளும் மேடையில் குனிந்து நின்றார்கள். ஒரு சத்தம் இல்லை. அந்த நேரம் பார்த்து இவர் பின்னாலிருந்து "வாலூ!" என்று ஒரு கத்து கத்தினார். ஆறு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் குதித்துவிட்டார்கள். விசில்காரர் விசிலை வாயில் வைத்தது வைத்தபடி நிற்கிறார். எல்லாப் பிள்ளைகளையும் ஏற்றித் துடைத்து மறுபடி நிறுத்தக் கால் மணி ஆனது. இவரை வெளிக் கேட்டுப் பக்கம் அனுப்பிவிட்டார்கள், அங்கிருந்து ஒற்றைக் காலில் எட்டி எட்டிப் பார்த்தார்.

இரண்டாவது தடவை ஒழுங்காக விசில் அடித்தது. நானும் ஒழுங்காகப் பொத்தானை அமுக்கினேன். அப்புறம் எனக்கு அவள் தலை மட்டும்தான் தெரிந்தது. மேலே, கீழே, மேலே, கீழே. பாதி தூரத்தில் மூன்றாவதாக இருந்தாள், அப்புறம் இரண்டாவது. வந்து இரண்டு கையாலும் டப் என்று தொட்டாள், வீட்டுக் கதவைத் தொடுகிற மாதிரியே. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் மண்டிபோட்டு அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தேனோ.

டீச்சர் வந்து, "நாலாம் பாதை எவ்வளவு?" என்றார். கையை விரித்தேன். கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது, மூன்று நிமிஷம் தாண்டியிருந்தது. "உங்க பொண்ணு இன்னும் நீந்திக்கிட்டு இருக்கா போல" என்றார்.

உங்க பொண்ணு என்றார் அத்தான். நான் திருத்தவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆக, இரண்டாவதாக வந்தும் அவள் பெயருக்கு நேரே வெறும் கோடுதான். நீங்கள் கேட்ட விநாடி என்னிடம் இல்லை. வாலு ஒரு பொழுது முழுக்க என்னோடு பேசவில்லை. சாயங்காலம் வந்து, "மூணு நிமிஷம் ஓடுச்சே, அப்ப எவ்ளோ நேரம் என் கையைப் புடிச்சிருந்தீங்க" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

அன்றிலிருந்து கிளப்பில் ஒரு சட்டம் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்: சொந்தப் பிள்ளையின் பாதையில் யாரும் கடிகாரம் பிடிக்கக் கூடாது. சட்டம் போடுகிற அளவுக்கு நான் பெரிய ஆளாகிவிட்டேன்.

சின்னவள்


ஏப்ரல் 4

சின்னவளுக்கு,

ஒரு பொத்தான். ஒரே ஒரு பொத்தான். நான் ஒரு நாளைக்கு நாற்பது அமுக்குகிறேன், ஒன்று தப்பினால் கீழே ஆள் இல்லை. உன்னிடம் ஒன்றைக் கொடுத்தார்கள். சகலைக்கு ஒரு வாயைத்தான் கடவுள் கொடுத்தார், அதையும் அவரால் மூட முடியவில்லை. உங்கள் குடும்பத்தைப் பற்றி ஊரில் என்ன பேசுவார்கள்?

பெரிய போட்டி ஏப்ரல் 27 என்று பாப்பா தனியாக எழுதியிருக்கிறாள். லீவு கேட்டிருக்கிறேன். எனக்கு ஒரு கடிகாரம் சொல்லி வை. நம் வீட்டு மானத்தைக் காப்பாற்ற ஒருத்தன் வேண்டும்.

ஹாஸ்டல் படிவத்தையும் கொண்டுவருகிறேன். மே பத்துக்குள் கொடுக்க வேண்டும். அவள் முன்னால் பேச வேண்டாம். அவள் நீந்தி முடித்த பிறகு நாம் பேசலாம். உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும்.

அத்தான்


ஏப்ரல் 11

அத்தானுக்கு,

வாருங்கள். ஆறாம் பாதைக் கடிகாரம் உங்களுக்குச் சொல்லியாயிற்று. வாலு இரண்டாம் பாதை, அதனால் சட்டத்துக்குப் பயமில்லை.

ஹாஸ்டல் பற்றி அவளுக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. அந்த மாதிரி விஷயம் பிள்ளைகளுக்குச் சுவர் வழியாகவே தெரிந்துவிடும். ஒன்றே ஒன்று கேட்டாள், அங்கே குளம் இருக்கிறதா என்று. தெரியவில்லை என்றேன். சரி என்று போய்த் தலை வாரிக்கொண்டாள்.

நான் சண்டை போட மாட்டேன். நீங்கள் அப்பா. அவளுடைய துணிகளைத் துவைத்துத் தனியாக அடுக்கியிருக்கிறேன், நீங்கள் சொன்னால் பெட்டியில் வைப்பேன். இதை எழுதும்போது கை வலிக்கிறது, பேனாவால்தான்.

சின்னவள்


மே 1

சின்னவளுக்கு,

நேரில் பேசலாம் என்று எழுதிவிட்டு, நேரில் வந்து ஒரு வார்த்தை பேசாமல் மத்தியான பஸ்ஸைப் பிடித்துக் கிளம்பிவிட்டேன். நீ பஸ் நிறுத்தம் வரை வந்தாய். சகலை மட்டும் ஒரு பை ரொட்டியை என் மடியில் திணித்தார். எனக்கு வாய் வரவில்லை. எழுதினால்தான் வருகிறது. பாப்பா சொன்னது சரி.

அன்று காலையில் கையை நீட்டி, "அப்பா, நம்பர் நீங்க எழுதுங்க" என்றாள். 14, 2, 2. இரும்புத் தூணை நூல் பிடித்த மாதிரி இறக்குகிறவன் நான், அந்தக் கையில் ஒரு இரண்டு போடப் பேனாவைத் தொட்டும் தொடாமலும் பிடித்தேன். "அழுத்தி எழுதுங்கப்பா, கூசுது" என்றாள்.

அப்புறம் ஆறாம் பாதையில் போய் நின்றேன். என்னோடு இன்னொரு கடிகாரம் பிடித்தது ஒரு தபால்காரம்மா. ஆறாம் பாதையில் நீந்தியது அவர் பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஒரு கடிகாரம் தப்பினால் இன்னொன்று இருக்கட்டும் என்றுதான் பாதைக்கு இரண்டு கடிகாரமாம். யாரால் இந்த ஏற்பாடு என்று கேட்டேன், நீ நிற்கும் பக்கம் கையைக் காட்டினார். நான் பெருமையாக, "எங்க குடும்பந்தான், நான் அப்படி இல்ல" என்றேன்.

விசில் அடித்தது, அமுக்கினேன். பிள்ளைகள் எல்லாம் பறந்தார்கள். ஆறாம் பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தியமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது கண் இரண்டாம் பாதைக்குப் போனது என்று தெரியவில்லை. அவள் இரண்டு கையையும் நீட்டிச் சுவரைத் தொட்டாள். என் கட்டைவிரல் அமுங்கியது.

நிறுத்திவிட்டேன். ஆறாம் பாதைப் பிள்ளை இன்னும் நடுக் குளத்தில் நீந்திக்கொண்டிருந்தது.

தபால்காரம்மா என் கடிகாரத்தைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணே, உங்க பாதை இது" என்றார். அவர் கடிகாரம் இருந்ததால் அந்தப் பிள்ளைக்கு நேரம் கிடைத்தது, அந்தப் புண்ணியவதி நன்றாக இருக்கட்டும். என் கடிகாரத்தை அடுத்த சுற்றுக்கு அழிக்கச் சொன்னார். அழிக்குமுன் அந்த எண்ணை எங்கேயாவது எழுதிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஒரு தவிப்பு. அங்கே கொடுத்த சீட்டு நனைந்து கூழாகியிருந்தது. சட்டைப் பையில் இருந்தது ஒரே ஒரு தாள். அதன் பின்பக்கம் எழுதினேன். 28.6.

பாப்பா ஓடி வந்தாள். நான் செய்த கூத்தைத் தபால்காரம்மா அவளிடம் சொல்லிவிட்டார். அவள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அப்பா, அடுத்த தடவை நீங்க வரும்போது ரெண்டாம் பாதையே கேட்டு வாங்கலாம், சட்டத்தை மாத்தச் சொல்லலாம்" என்றாள். அடுத்த தடவை நீங்க வரும்போது என்றாள். தான் வேறு எங்கேயாவது இருந்து வரப்போவதாக அவள் நினைக்கவே இல்லை.

சின்னவளே, நீ அவளுக்கு அம்மா இல்லை என்று சொன்னவன் நான். கடிகாரத்தை நிறுத்த யார் மறப்பார்கள் என்று ஆறாம் பாதையில் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.

மேஸ்திரியிடம் பேசிவிட்டேன். மாதம் ஒரு ஞாயிறு லீவு, பதிலுக்கு மழை நாளிலும் வேலைக்கு வர வேண்டும். வருகிறேன் என்றேன். பாலம் அடுத்த வருஷம் முடிகிறது. அதற்கப்புறம் உங்கள் ஊர்ப் பக்கம் ஏதாவது தூக்க வேண்டியது இருக்கும்.

ஹாஸ்டல் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அதைக் கொடுக்க முடியாது, பின்பக்கம் எழுதியாகிவிட்டது. அவளுடைய நேரம் உன்னிடம்தான் இருக்க வேண்டும்.

அத்தான்


மே 9

அன்புள்ள அத்தானுக்கு,

தாள் வந்தது. அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். நீங்கள் எழுதிய பக்கம் வெளியே, கட்டம் போட்டு அச்சடித்த பக்கம் மரத்தைப் பார்த்து. வாலு தினமும் அதை இரண்டு கையாலும் ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் வெளியே கிளம்புகிறாள். ஓரம் ஏற்கனவே கறுத்துவிட்டது.

அடுக்கி வைத்த துணிகளையெல்லாம் கலைத்து அவள் தட்டிலேயே வைத்துவிட்டேன். உங்கள் கதையை இவரிடம் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து, "அப்ப ஊர்ல என்ன பேசுவாங்கன்னு சகலையைக் கேளு" என்கிறார். கேட்டுவிட்டேன்.

டீச்சரையும் பார்த்தேன். சொந்தப் பிள்ளையின் பாதையில் நிற்கக் கூடாது என்ற சட்டத்தின் கீழே இன்னொரு வரி எழுதியிருக்கிறார்: சொந்தப் பிள்ளையின் பாதையைப் பார்க்கவும் கூடாது. அது உங்களுக்கு. நம் குடும்பத்துக்கு இரண்டு சட்டம் ஆகிவிட்டது. ஜூன் போட்டியில் நம் இரண்டு பேருக்கும் துண்டு எடுத்துக் கொடுக்கிற வேலைதானாம். அதில் என்ன தப்பு செய்ய முடியும் என்று பார்க்கலாம்.

பெரியவர்களுக்கு வியாழக்கிழமை வகுப்பு இருக்கிறது. சேர்ந்திருக்கிறேன். தூண் மாதிரி நிற்கிறேன் என்று யாரும் இனி சொல்லக் கூடாது.

நேற்று அக்காவின் நீலத் துண்டைத் துவைத்தேன். மற்ற துணிகளோடு சேர்த்துத்தான் போட்டேன். செவ்வாய்க்கிழமை வாலுவுக்கு அது வேண்டுமாம்.

சின்னவள்